கூம்பாகும் கருவிழி: முதலில் நிறுத்தல், பிறகு திருத்தல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் கல்லூரியில் மூக்குக்கண்ணாடி அணிந்தோர் பலர். ஆண்டுக்கொரு முறை கண்ணாடியை மாற்றுவதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. புதுக் கண்ணாடி போட்டதும் கரும்பலகை தெளிவாகத் தெரிந்துவிட்டால் அத்துடன் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் சிலருக்கு எத்தனை முறை கண்ணாடியை மாற்றினாலும் தெளிவு கிட்டுவதில்லை. ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல் தெரியும். இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் அதற்கு வால் முளைத்தாற்போல் இருக்கும். நிலவு ஒன்றுக்குப் பதிலாக மூன்று நான்காகத் தோன்றும். ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கடைக்காரரும் ஆறு மாதத்திற்கொரு முறை எண்ணைக் கூட்டிக்கொண்டே போவார்.

இவ்வாறு அல்லற்படுவோருள் ஒரு பகுதியினருக்கு இருப்பது வெறும் கிட்டப்பார்வை அன்று. கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலம் மெலிந்து, தன் உருண்டை வடிவத்தை இழந்து, கூம்பு போல் முன்தள்ளிக்கொண்டு வருவதே அவர்களுடைய துன்பத்திற்குக் காரணம். மருத்துவர்கள் இதனைக் கெரட்டோகோனஸ் என்பர். கூம்புக் கருவிழி என்று நாம் வழங்கலாம்.

இந்நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் தோன்றி, இருபதுகளில் வளர்ந்து, முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ தானாகவே அடங்குகிறது. அதாவது நாம் கல்லூரியில் பயிலும் இந்த வயதே இது வளரும் வயது. இதற்கு இன்று பல சிகிச்சைகள் சொல்லப்படுகின்றன. லேசர், வளையம், புற ஊதாக் கதிர், தனிவகை லென்ஸ், மாற்று அறுவை என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. இவற்றுள் எது நோயை நிறுத்துவது, எது வடிவத்தைத் திருத்துவது, எது பார்வையை மட்டும் தருவது என்ற வேறுபாடு தெரியாவிடின் பணமும் கண்ணும் ஒருங்கே வீணாகக்கூடும். அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவிழிப் படலத்தின் அமைப்பு

கைக்கடிகாரத்தின் முகப்பில் கண்ணாடி கவிந்திருப்பதைப் போல, கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னே ஒரு படலம் கவிந்திருக்கிறது. இதுவே கார்னியா எனப்படும் கருவிழிப் படலம். கண்தான அறிவிப்புகளில் ‘கருவிழி’ என்று சொல்லப்படுவதும் இதுதான். இதன் குறுக்களவு ஏறத்தாழ 11½ மி.மீ. நடுவில் இதன் தடிமன் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. இதில் இரத்தக் குழாய்கள் கிடையா. இருந்தால் ஒளி தடைப்படும். ஆகையால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீரின் வழியே காற்றிலிருந்து நேரடியாகப் பெறுகிறது.

இதன் அடுக்குகளில் மூன்றை நாம் நினைவில் கொள்ள வேண்டும். வெளிப்புறத்தில் சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள மேல்தோல் இருக்கிறது. இது உரிந்தாலும் சில நாள்களில் மீண்டும் வளரும். நடுவில் உள்ள அடுக்கே மொத்தத் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு. கொலாஜன் என்னும் புரத இழைகளாலான இருநூறுக்கும் மேற்பட்ட தகடுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. படலத்தின் வலிமை முழுவதும் இவ்விழைகளிலும் இவற்றிடையே உள்ள பிணைப்புகளிலுமே இருக்கிறது. உட்புறத்தில் ஒற்றை வரிசைச் செல்கள் உள்ளன. படலத்தினுள் தேங்கும் நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பவை இவையே. இவை அழிந்தால் மீண்டும் பெருகி அந்த இடத்தை நிரப்புவதில்லை. பின்னால் வரும் சிகிச்சைகளின் வரம்புகள் யாவும் இந்த மூன்று அடுக்குகளைச் சார்ந்தே அமைந்துள்ளன.

சிறிது இயற்பியல்

கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தருவது கருவிழிப் படலமே. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எஞ்சியதைத்தான் தருகிறது. படலத்தின் வளைவை அளக்கும் கருவிகள் அதன் திறனை எளிய வாய்பாடு ஒன்றினால் கணக்கிடுகின்றன. 337.5 என்ற எண்ணை மில்லிமீட்டரில் உள்ள வளைவு ஆரத்தால் வகுத்தால் திறன் டயாப்டரில் கிடைக்கும்.

இயல்பான ஆரம் 7.8 மி.மீ. எனக் கொண்டால் திறன் 43.3 டயாப்டர். கூம்பாகும்போது வளைவு கூடி ஆரம் குறைகிறது. ஆரம் 6.75 மி.மீ. ஆனால் திறன் 50 டயாப்டர். 6 மி.மீ. ஆனால் 56 டயாப்டரையும் தாண்டிவிடும். ஒரு மில்லிமீட்டர் மாற்றத்திற்கே ஏழு டயாப்டர் அளவு வேறுபாடு ஏற்படுவதைக் காண்க.

படலம் முழுவதும் ஒரே சீராக வளைந்தால் கண்ணாடியால் ஈடுசெய்துவிடலாம். ஒரு திசையில் அதிகமாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் வளைந்தாலும், சீட்டில் ‘சிலிண்டர்’ என்று எழுதித் தரும் உருளை லென்ஸால் சரிசெய்யலாம். கூம்புக் கருவிழியில் வளைவு இப்படி ஒழுங்காக அமைவதில்லை. கூம்பின் முனை பெரும்பாலும் நடுவிலிருந்து சற்றுக் கீழே தள்ளி இருக்கும். மேற்பாதி ஒரு வளைவு, கீழ்ப்பாதி வேறொரு வளைவு. கதிர்கள் ஒரு புள்ளியில் கூடாமல் பல இடங்களில் விழுகின்றன. நிழலும் வாலும் தோன்றுவதன் காரணம் இதுவே. எந்த மூக்குக்கண்ணாடியும் இதை முழுமையாகச் சரிசெய்ய இயலாததன் காரணமும் இதுவே.

நோயின் வரலாறும் காரணமும்

இங்கிலாந்தில் லிவர்பூல் நகர மருத்துவர் ஜான் நாட்டிங்காம் 1854இல் இந்நோயைத் தெளிவாக விவரித்து நூல் எழுதினார். 1869இல் சுவிட்சர்லாந்தின் ஹார்னர் இதற்குக் கெரட்டோகோனஸ் என்று பெயரிட்டார். அக்காலத்தில் கூம்பின் முனையைச் சுட்டுத் தழும்பாக்கித் தட்டையாக்கவும் முயன்றனர். 1888இல் அடால்ஃப் ஃபிக் என்பார் கண்ணின்மேல் அணியும் கண்ணாடி லென்ஸைப் பற்றி எழுதியபோது, அதனால் பயன்பெறக்கூடியவர்களுள் கூம்புக் கருவிழியுடையோரையும் குறிப்பிட்டார்.

காரணம் ஒன்றே என்று சொல்ல இயலாது. சில குடும்பங்களில் இது ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வருகிறது. கண்ணில் ஒவ்வாமையும் ஓயாத அரிப்பும் உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. கண்ணை அழுத்திக் கசக்கும் வழக்கம், சிறப்பாக விரல் முட்டியால் தேய்க்கும் வழக்கம், நோயோடு நெருங்கிய தொடர்புடையது. இழைகளின் பிணைப்பு தளர்ந்த இடத்தில் கண்ணின் உள்ளழுத்தம் படலத்தை முன்தள்ளுகிறது. மெலிந்த இடத்தின்மேல் விசை கூடுவதால் அது மேலும் மெலிகிறது. சைக்கிள் டியூபில் நைந்த இடம் மட்டும் புடைத்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். இதுவும் அத்தகையதே. இது தொற்றுநோய் அன்று. அதிகம் படிப்பதாலும் இது வருவதில்லை.

இதை மிக அரிய நோய் என்று கருதிவிடவும் கூடாது. மகாராட்டிரத்தின் நாட்டுப்புறங்களில் முப்பது வயதைக் கடந்தோரிடம் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 48 டயாப்டரும் அதற்கு மேலும் வளைவுள்ளவர்களை இந்நோயாளராகக் கொண்டு கணக்கிட்டபோது, நூற்றுக்கு 2.3 பேர் அவ்வாறிருந்தனர்.

கண்டறிவது எங்ஙனம்?

இரு கண்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவது அரிது. நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொருவரும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் தொலைவிலுள்ள விளக்கைப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் வாலோ நிழலோ தெரிந்தால் மருத்துவரை நாடுவதே நல்லது.

போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் பிளாசிடோ, கறுப்பும் வெள்ளையுமான வளையங்கள் வரைந்த வட்டத் தகட்டை 1880ஐ ஒட்டி உருவாக்கினார். அதைக் கண்ணெதிரே பிடித்து, படலத்தில் விழும் எதிரொளிப்பைப் பார்த்தால், நல்ல கண்ணில் வளையங்கள் வட்டமாக இருக்கும். கூம்புக் கருவிழியிலோ அவை முட்டை வடிவில் நசுங்கி ஒரு பக்கம் நெருங்கி நிற்கும். இன்றைய ‘டோபோகிராபி’ கருவிகள் பலவற்றின் அடிப்படையும் இதுவே. கணிப்பொறி அதை நிலப்பட வரைவு போல் வண்ணங்களில் வரைந்து தருகிறது. சிவப்பு மிகுந்த வளைவையும் நீலம் குறைந்த வளைவையும் குறிக்கும். படலத்தின் பின்புறத்தையும் ஒவ்வோர் இடத்தின் தடிமனையும் சேர்த்து அளக்கும் கருவிகளும் உள்ளன.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஒரே ஒரு படத்தைக் கொண்டு நோய் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று கூற முடியாது. இரண்டு படங்களை ஒப்பிட்டால்தான் தெரியும். ஓராண்டில் மிகுந்த வளைவு ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் நோய் வளர்வதாகக் கருதுவர். ஆகையால் கண்ணாடிக் கடைச் சீட்டு உட்படப் பழைய தாள் எதையும் தூக்கி எறியக் கூடாது. இரண்டாண்டுக்கு முந்தைய கசங்கிய சீட்டும் மருத்துவருக்கு ஒரு சான்றாகும்.

முதற்படி: வளர்ச்சியை நிறுத்துதல்

சாலையோரங்களில் ‘வல்கனைசிங்’ என்ற பலகையைக் காண்கிறோம். பிசுபிசுத்த இரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகி இரப்பர் உறுதிபெறுகிறது. கருவிழிப் படலத்தின் கொலாஜன் இழைகளுக்கிடையேயும் இப்படிக் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கினால் அது மேலும் தளராமல் நிற்கும் அல்லவா? செர்மனியின் டிரெஸ்டன் நகரில் தியோ சைலர், எபர்ஹார்ட் ஸ்போர்ல், கிரிகோர் வோலன்சாக் ஆகியோர் இந்த எண்ணத்தைச் செயலாக்கினர். 2003இல் 22 நோயாளிகளின் 23 கண்களில் கண்ட முடிவை வெளியிட்டனர். அத்தனை கண்களிலும் நோயின் வளர்ச்சி நின்றது. 16 கண்களில் வளைவு சராசரியாக 2 டயாப்டர் குறையவும் செய்தது.

செய்முறை இதுதான். கண்ணை மரக்கச்செய்யும் சொட்டுமருந்து விட்டு, நடுப்பகுதியின் மேல்தோலை அகற்றுவர். ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் பி-2 கரைசலை அரைமணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுவர். பிறகு 370 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை அரைமணி நேரம் செலுத்துவர். சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் 1,800 நொடிகள் செலுத்தினால் மொத்த ஆற்றல் 5.4 ஜூல் ஆகிறது. கதிரை உறிஞ்சிய வைட்டமின், ஆக்சிஜனின் துணையோடு வினைமிகு மூலக்கூறுகளைத் தோற்றுவிக்க, அவை இழைகளைப் பிணைக்கின்றன. 9 மில்லிவாட் வீதம் பத்தே நிமிடத்தில் அதே 5.4 ஜூலைச் செலுத்தும் விரைவு முறையும் உண்டு. கணக்கில் ஆற்றல் ஒன்றே எனினும், விரைவாகச் செலுத்தும்போது படலத்தில் உள்ள ஆக்சிஜன் விரைவாகத் தீர்ந்துவிடுகிறது. எனவே விளைவும் முழுக்க ஒன்றே என்று கொள்வதற்கில்லை.

மேல்தோலை அகற்றிய பின் படலம் 400 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது மூல முறையின் வரம்பு. அந்த அளவு தடிமனுக்குள் கதிரின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். அதற்கும் மெலிந்திருந்தால் கதிர் ஊடுருவி, மீண்டும் வளராத உட்புறச் செல்களைத் தாக்கக்கூடும். நோய் முற்றும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். மெலிந்த படலத்தைச் சற்று ஊதவைத்துச் செய்யும் மாற்று முறைகளும் உள்ளன. சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் கடும் வலியும் கூச்சமும் இருக்கும். முதற்சில மாதங்கள் பார்வை சற்று மங்கும். அரிதாகத் தொற்றோ தழும்போ ஏற்படலாம். மேல்தோல் வளரும்வரை மருத்துவர் சொன்னபடி மருந்து விடுவது இன்றியமையாதது.

இச்சிகிச்சைக்கு அமெரிக்க நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016இல் ஒப்புதல் வழங்கியது. இங்கிலாந்தில் 10 முதல் 16 வயது வரையுள்ளவர்களைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒன்றரை ஆண்டில் இச்சிகிச்சை பெற்ற 30 பேரில் இருவருக்கே நோய் வளர்ந்தது. பெறாத 28 பேரில் 12 பேருக்கு வளர்ந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு செய்தி. எனக்கும் இந்நோய் உண்டு. இடக்கண்ணின் மிகுந்த வளைவு ஓராண்டில் 49.1இலிருந்து 50.8 டயாப்டர் ஆகியிருந்தது. தடிமன் 458 மைக்ரான். மேல்தோல் 50 போனால் மிஞ்சுவது 408. எல்லைக்கு எட்டு மைக்ரானே மிச்சம். எங்கள் வீட்டில் மருத்துவச் சீட்டைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவனே ஆகையால், அப்பாவுக்கு நானே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. “இவ்வளவு பணம் கட்டினா பார்வை திரும்பிடுமா தம்பி?” என்று கேட்டார். “திரும்பாதுப்பா. இருக்கிறது போகாம இருக்கும்” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஏரிக்கரை உடையறதுக்கு முன்னாடி மண்ணு கொட்டுற மாதிரின்னு சொல்லு” என்றார். நான் படித்த விளக்கங்கள் எதிலும் இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை. சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அளவு 50.6 என்று இருக்கிறது. கண்ணாடி எண் மாறவில்லை. மாறாமல் நிற்பதே நான் பெற்ற பயன்.

இரண்டாம் படி: பார்வையைத் தெளிவித்தல்

நோய் நின்ற பின்னும் கூம்பு இருக்கத்தான் செய்யும். அதன்மேல் விறைப்பான லென்ஸை அணிவிப்பதே இன்றும் நல்ல பார்வைக்குரிய முதன்மையான வழியாகும். சொரசொரப்பான கண்ணாடித் தகட்டின் வழியே பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. அதன்மேல் நீரைத் தடவினால் எதிர்ப்புறம் தெரியத் தொடங்குகிறது. மேடுபள்ளங்களை நீர் நிரப்பிவிடுவதே காரணம். அதைப் போலவே, விறைப்பான லென்ஸுக்கும் படலத்துக்கும் இடையிலுள்ள வெளியைக் கண்ணீர் நிரப்புகிறது. கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336. படலத்தினுடையது 1.376. இரண்டும் நெருங்கியவை ஆதலால் கூம்பின் ஒழுங்கின்மை பெரும்பாலும் மறைந்துபோக, ஒளி லென்ஸின் சீரான முகப்பையே சந்திக்கிறது. கூம்பின்மேல் படாமல் விழிவெண்மையின்மீது அமரும் பெரிய லென்ஸ்களும் உள்ளன. கூம்பு மிகுந்தவர்களுக்கும் சிறிய லென்ஸ் உறுத்துகிறவர்களுக்கும் அவை உதவும்.

ஆனால் லென்ஸ் நோயை நிறுத்துவதில்லை. கூம்பை நிலையாகத் திருத்துவதுமில்லை. அதைக் கழற்றினால் கூம்பு கூம்பாகவே இருக்கும். இரவில் அணிந்து படலத்தை அழுத்தித் தட்டையாக்கும் லென்ஸ்கள் சாதாரணக் கிட்டப்பார்வைக்கானவை. அவை இந்நோயாளருக்கு உரியன அல்ல.

மூன்றாம் படி: வடிவத்தைத் திருத்துதல்

வடிவத்தையே மாற்றும் முறைகளுள் முதலில் சொல்லத்தக்கது வளையத் துண்டு. அரைவட்டமான மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைப் படலத்தின் ஓரப்பகுதியில், அதன் தடிமனுக்குள்ளேயே சுரங்கம் அமைத்துச் செருகுவர். ஓரத்தில் இழைகள் துண்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் நடுப்பகுதி இழுபட்டுத் தட்டையாகிறது. கூடாரத் துணியின் ஓரத்தில் ஒரு கழியை உள்ளிருந்து முட்டுக்கொடுத்தால் நடுவில் துணி விறைப்பதைப் போன்றது இது. குறைந்த கிட்டப்பார்வைக்கென உருவான இத்துண்டுகளுக்கு அமெரிக்காவில் 1999இல் ஒப்புதல் கிடைத்தது. கூம்புக் கருவிழிக்கு 2004இல் கிடைத்தது. பிரான்சு நாட்டின் ஜோசப் கொலின் அதற்கு முன்பே, 1990களில், இந்நோய்க்கு அவற்றைப் பயன்படுத்தியிருந்தார். இதில் திசு எதுவும் செதுக்கி எடுக்கப்படுவதில்லை. வேண்டாமெனில் துண்டை எடுத்துவிடலாம். எனினும் துண்டு இடம்பெயர்வதும், மேலிருக்கும் படலம் நைந்து துண்டு வெளியே தெரிவதும் சிலருக்கு நேர்கின்றன.

இங்கே நம் மாநிலத்தின் பங்கும் உண்டு. சென்னையைச் சேர்ந்த கண் மருத்துவர் சூசன் ஜேக்கப், பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கண்தானத்தால் கிடைத்த கருவிழிப் படலத்திலிருந்தே துண்டுகளை வெட்டிச் செருகும் முறையை உருவாக்கி 2018இல் வெளியிட்டார். திசுவுடன் திசு சேர்வதால் நைந்து வெளிவரும் அச்சம் குறைகிறது. இத்துண்டுக்கு நடு அடுக்கு மட்டுமே தேவை. ஆகவே உட்புறச் செல்கள் குறைந்து, முழு மாற்று அறுவைக்கு ஆகாது என்று ஒதுக்கப்படும் படலமும் இதற்குப் பயன்படும். இன்று பிற நாடுகளிலும் இம்முறையைக் கையாள்கின்றனர்.

அடுத்தது லேசர். இங்குதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கண்ணாடியை நீக்க இளைஞர் செய்துகொள்ளும் லாசிக் சிகிச்சை படலத்தைச் செதுக்கி மெலிதாக்குவது. 6 மி.மீ. அகலத்தில் ஒரு டயாப்டரை நீக்க ஏறத்தாழ 12 மைக்ரான் திசு போகும். ஐந்து டயாப்டருக்கு 60 மைக்ரான். இதற்கு முன் படலத்தை ஒரு மடலாக வெட்டித் திறக்கவும் வேண்டும். முன்னமே மெலிந்து தளர்ந்த படலத்தில் இதைச் செய்தால் நோய் விரைந்து முற்றும். லாசிக்கிற்குப் பின் படலம் புடைத்துக்கொண்ட நிகழ்வுகளை 1998இல் எடுத்துக்காட்டியவரும் முன்னர்ச் சொன்ன தியோ சைலரே. ஆகவே கண்ணாடியைத் துறக்க விரும்பும் நண்பர் எவரும், டோபோகிராபி எடுத்து இந்நோய் இல்லையென்று உறுதிசெய்யாமல் லாசிக் செய்துகொள்ளக் கூடாது.

குறுக்குப் பிணைப்போடு சேர்த்து மேற்பரப்பில் மட்டும் சிறிது லேசர் செலுத்தும் முறை வேறு. கிரேக்க நாட்டின் கனெல்லோபுலோஸ் இதைப் பரவலாக்கியதால் ஏதென்சு முறை என்பர். செதுக்கும் அளவை 50 மைக்ரானுக்குள் அடக்கிக்கொள்வர். கண்ணாடியை அறவே நீக்குவது இதன் நோக்கமன்று. தாறுமாறான வளைவைச் சீராக்கிக் கண்ணாடிக்குப் பயன்படும்படி செய்வதே நோக்கம். போதிய தடிமன் உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

கடைசிப் படி: மாற்று அறுவை

படலத்தில் தழும்பு விழுந்தாலோ, லென்ஸ் எதுவும் பொருந்தாத அளவுக்குக் கூம்பு முற்றினாலோ, பிறர் தந்த கருவிழிப் படலத்தைப் பொருத்த வேண்டிவரும். முழுப் படலத்தையும் மாற்றி வெற்றிகண்ட முதல் அறுவை, இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமோட்சில் எட்வர்டு சிர்ம் என்பவரால் 1905 டிசம்பரில் செய்யப்பட்டது. சுண்ணாம்பால் கண் வெந்துபோன கூலித் தொழிலாளி ஒருவர் அதனால் பார்வை பெற்றார். இன்று கூம்புக் கருவிழிக்கு, நல்ல நிலையில் உள்ள உட்புறச் செல் வரிசையை அப்படியே விட்டுவிட்டு, முன் அடுக்குகளை மட்டும் மாற்றும் முறையையே கூடியவரை மேற்கொள்கின்றனர். இதனால் உடல் அதை ஏற்க மறுக்கும் ஆபத்து குறைகிறது. எனினும் தையல்கள் நீங்கிப் பார்வை நிலைபெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பலருக்கு அதன் பின்னும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும்.

எதைத் தேர்வது?

மருத்துவரிடம் செல்வோர் பின்வரும் கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று.

1. என் நோய் இப்போது வளர்கிறதா? எந்த இரு அளவுகளை ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?

2. மிக மெலிந்த இடத்தின் தடிமன் எவ்வளவு? குறுக்குப் பிணைப்புக்குப் போதுமா?

3. சொல்லப்படும் சிகிச்சை வளர்ச்சியை நிறுத்துவதா, வடிவத்தைத் திருத்துவதா, பார்வையை மட்டும் தருவதா?

4. திசு அகற்றப்படுமா? பின்னால் விலக்கிக்கொள்ள இயலுமா?

5. சிகிச்சைக்குப் பின் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படுமா?

வளரும் நோய்க்கு வடிவத் திருத்தம் மட்டும் செய்வது, கரை அரித்துக்கொண்டிருக்கும்போது மேலே கல் பாவுவதைப் போன்றது. இளம் வயதில், நோய் வளர்வது தெரிந்தவுடன், அதை நிறுத்துவதே முதல் வேலை. பார்வை வேண்டுவோர்க்கு லென்ஸ் உண்டு. லென்ஸும் கண்ணாடியும் போதாதவர்கள் வளையத்தையோ அளவான லேசரையோ பற்றிச் சிந்திக்கலாம். வயது நாற்பதைக் கடந்து, அளவுகள் ஆண்டுக்கணக்கில் மாறாதிருப்பவர்க்குக் குறுக்குப் பிணைப்பே தேவைப்படாமலும் போகலாம்.

முடிவுரை

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. இந்நோயில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. தொடக்கத்தில் ஒரு மணி நேரச் சிகிச்சையால் நிறுத்தக்கூடியதைக் காலம் தாழ்த்தினால், பின்னர் மற்றொருவர் தந்த படலத்தால் ஈடுசெய்ய வேண்டியதாகிறது. நம்மால் ஆகக்கூடியவை மூன்று. கண் அரித்தால் கசக்காமல் அரிப்புக்கே மருந்து பெறுதல் முதலாவது. இரு கண்களையும் தனித்தனியே சோதித்துப் பார்ப்பது இரண்டாவது. அடிக்கடி எண் மாறும் தம்பி தங்கையரைக் கண்ணாடிக் கடையோடு நிறுத்தாமல், டோபோகிராபி வசதியுள்ள கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது மூன்றாவது. நம்மிற் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். வீட்டில் மற்றவர்களால் படிக்க முடியாத சீட்டை அவர்களுக்குப் படித்துச் சொல்வதும் நாம் பெற்ற கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.